பொன்னாடை வேண்டாம் என்கிறார் அக்கா: பாராட்டு விழா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்கடற்கரையில் 1991லிருந்து ஆமை முட்டை தேடி இரவில் நடந்தவர், பகலில் ஏரி, சதுப்பு என்று அலைந்தவர் ஒருவருக்கு மார்ச் மாதக் கடைசி சனிக்கிழமை மாலை பெசன்ட் நகரில் சின்னதாக ஒரு விழா எடுக்கிறோம். சொன்ன நாளிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாததால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாருக்கு விழா? அழைப்பிதழில் பெயரையே காணோமே?

பெயர் போடக்கூடாது என்பது அவர் வைத்த முதல் நிபந்தனை. எங்களுக்கு அவர் அக்கா. குப்பத்தில் டீச்சரம்மா. ஒரு நாளும் பாடம் நடத்தியவர் இல்லை. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதி, போன வருடம் ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் நோட்டும் பேனாவும் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நேரில் வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும், மண்டபத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

அப்படி என்ன செய்தார்?

சென்னைக் கரைக்கு வருவது பங்குனி ஆமை. பெயரில் பங்குனி இருந்தாலும் ஜனவரியிலேயே தாய் ஆமைகள் வரத் தொடங்கிவிடும். ஏப்ரல் வரை வரும். நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் கரையேறி, மேட்டு மணலில் பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போல ஒரு குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, உடம்பால் தட்டித் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மொத்தமும் ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு முட்டைக்கும் தாய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நீலாங்கரையில் தொடங்கி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். டார்ச் அடிக்காமல், ஈர மணலில் டிராக்டர் ஓடியதுபோல விழுந்திருக்கும் தடத்தைத் தேடி நடப்பதுதான் இரவு நடை. தடம் கிடைத்துவிட்டால் அது மேலே போகும் வழியா, திரும்பும் வழியா என்று பார்த்து, மணல் கலைந்திருக்கும் இடத்தில் மெல்லிய கம்பியால் பதமாகக் குத்திப் பார்க்க வேண்டும். கெட்டி மணலில் கம்பி நிற்கும். குழி இருந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கொஞ்சம் வேகமாகக் குத்தினால் முட்டை உடையும், அதனால் கம்பியை எல்லார் கையிலும் கொடுப்பதில்லை. நான் சேர்ந்து மூன்று சீசன் கழித்துத்தான் அக்கா என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் எடுத்து, பொரிப்பகத்தில் (நாங்கள் ஹேச்சரி என்றே சொல்வோம்) அதே அளவில் குழி தோண்டி, சில மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும். தாமதமாகிப் புரட்டினால் உள்ளே கரு கலைந்துவிடும். 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

இதை அக்கா சீசனுக்கு வாரம் இரண்டு மூன்று இரவு என்று 30 வருடத்துக்கும் மேலாகச் செய்தார். விடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்து, இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஆபீஸ் பஸ் பிடித்தார். புடவைக் கரையிலிருந்து மணல் உதிர்வதைப் பார்த்து ஆபீஸில் பெருக்குகிற அம்மா தினமும் திட்டுவாராம்.

ஆமை காலங்காலமாகத் தானே முட்டையிட்டுப் போகிறது. நாம் எதற்கு நடுவில்?

நியாயமான கேள்வி. சங்கப் பாடல்களிலேயே, கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடி ஓரத்தில் ஆமை முட்டை புதைக்கிறது. அந்தக் கரையில் சோடியம் விளக்கு கிடையாது, தெருநாய்க் கூட்டம் கிடையாது.

குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். விளக்கில்லாத கரையில், இரவில் கடல்தான் வெளிச்சமான பக்கம். நம் கரையிலோ வெளிச்சம் சாலைப் பக்கம் இருக்கிறது. குஞ்சுகள் தப்புத் திசையில் ஓடி, காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களின் காலடியிலும் சாலையிலும் காக்கை வாயிலும் முடிகின்றன. முட்டையை இடம் மாற்றுவது நல்ல வழி என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. வேறு வழியை நாமே அடைத்துவிட்டதால் செய்கிறோம். சீசனில் மட்டும் கரையோர விளக்குகளை இரவு 11 மணிக்கு மேல் அணைக்கச் சொல்லி அக்கா எழுதிய மனுக்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். சில வருடம் அணைத்தார்கள், சில வருடம் இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம், புலிக்குள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. முட்டையைத் தொடுவதும் எடுப்பதும் வனத்துறை அனுமதியோடுதான் நடக்கிறது. நீங்களாகப் போய்த் தோண்டாதீர்கள்.

இந்த இரவு நடையைத் தொடங்கியதே இவர்தானா?

இல்லை. அப்படி யாராவது மேடையில் சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவார், எச்சரிக்கிறேன். 1970களின் தொடக்கத்திலேயே பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இந்தக் கரையில் நடந்திருக்கிறார்கள். 1988ல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சீசனுக்குச் சீசன் புது மாணவர்கள் வர, அது இன்றுவரை நடக்கிறது.

அக்கா தன் முன்னோடி என்று சொல்வது சதீஷ் பாஸ்கரை. சென்னை ஐஐடியில் படிக்க வந்து, வகுப்பை விடக் கடற்கரையில் அதிக நேரம் இருந்தவர். பின்னால் இந்தியக் கடற்கரையில் சுமார் 4,000 கிலோமீட்டர் காலால் நடந்து, எந்தக் கரையில் எந்த ஆமை வருகிறது என்று பதிவு செய்தார். 1982ல் லட்சத்தீவின் சுஹேலியில், ஆளில்லாத தீவில், மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கியிருந்தார். அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். இருபத்துச் சொச்சம் நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, வீட்டுக்கு வந்தும் சேர்ந்தது. 2023ல் பாஸ்கர் காலமானார். அவர் எழுதி வைத்த கணக்குகளைத்தான் இன்றும் ஆய்வாளர்கள் அடிப்படையாக எடுக்கிறார்கள். அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் அத்தனை நடையும் மணலோடு போயிருக்கும் என்பார் அக்கா. இந்தப் பேச்சு கீழே நோட்டு விஷயத்தில் மறுபடி வரும்.

கடற்கரை புரிகிறது. அழைப்பிதழில் ‘நிலம்’ என்றும் போட்டிருக்கிறீர்களே?

அக்காவின் வீடு வேளச்சேரியில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பறவை எண்ணப் போய்க்கொண்டிருந்தார்; கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீலத் தாழைக்கோழி, வலசைக் காலத்தில் பூநாரை. வெள்ளத்துக்குப் பிறகு பறவையை விட்டுத் தண்ணீரின் பின்னால் போக ஆரம்பித்தார். மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற ஓடை வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகும். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரந்து கிடந்த சதுப்பு பள்ளிக்கரணை. குப்பைமேடு, சாலை, கட்டிடம் எல்லாம் போக மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது.

“என் வீடே அந்தத் தண்ணீரோட இடத்துலதான் இருக்கு, நானும் ஆக்கிரமிப்பாளர்தான்” என்று கூட்டங்களில் தானாகவே சொல்லிவிடுவார். எதிரில் இருப்பவர்கள் அதற்குமேல் குத்திக்காட்ட எதுவும் இருக்காது.

நில வேலை என்றால் பெரும்பாலும் காகித வேலை. தாலுகா அலுவலகத்தில் நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படம் வாங்குவது, சர்வே எண்ணைத் தேடுவது, நிலத்தின் வகையைச் சொல்லும் அ பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கா, மேய்க்காலா என்று பார்ப்பது, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு முப்பது நாள் காத்திருப்பது. புறம்போக்கு என்பதை வசவாக்கிவிட்ட ஊர் இது. ஊருக்கெல்லாம் பொதுவான நிலம் என்று ஒரு காலத்தில் அதற்குப் பொருள் இருந்ததைச் சொல்லிச் சொல்லியே எங்களில் பாதிப் பேரை நிலப் பதிவேடு படிக்க வைத்தார். ஓர் அலுவலகத்தில் அவரை நான்கு மாதம் அலையவிட்டார்கள். ஐந்தாவது மாதம் அங்கிருந்த உதவியாளரே, “அம்மா, எந்தச் சர்வே நம்பருக்கு என்ன வகைப்பாடுன்னு உங்க நோட்டுலேர்ந்து சொல்லுங்க” என்று கேட்டார். எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

எண்ணூர் எண்ணெய்க் கசிவின்போது போயிருந்தாராமே?

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் கரை முழுக்கப் படிந்தபோது, மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளியது நினைவிருக்கும். அக்காவும் போனார். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார். கையுறை இல்லாமல் பிள்ளைகள் அந்தச் சேற்றில் இறங்கியதைப் பார்த்துக் கத்தியதுதான் அன்று அவர் செய்த முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன். மிக்ஜாம் புயலை ஒட்டி 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் வந்தபோது, முதலில் மருந்துக்கடைக்குப் போய்க் கையுறைகளை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

ஏன் இப்போது விழா? வேலையிலிருந்து விலகுகிறாரா?

முழங்கால். மணலில் 7 கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் இரண்டு மடங்குக்குச் சமம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த சீசனிலிருந்து நடக்கவில்லை. பொரிப்பகத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பை வந்ததும் எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார். அதை விலகல் என்று சொல்லத் துணிந்தவர் எங்களில் யாரும் இல்லை.

பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அவர் வீட்டுப் பரணில் ஏற்கெனவே 23 பொன்னாடைகள் இருக்கின்றன, நானே எண்ணினேன். ஜரிகை குத்துவதால் போர்த்தவும் முடியாது, துடைக்கவும் முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் ஆமை ஒன்றை ஒரு கல்லூரியில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஃப்ளெக்ஸ் பேனர் கிடையாது. பலூன், பட்டாசு, வான விளக்கு எதுவும் கிடையாது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் மண்டபம்.

அவர் பெயரில் மரக்கன்று நடலாமா?

இந்தக் கேள்வி 14 பேரிடமிருந்து வந்தது. நல்ல மனசுதான், ஆனால் எங்கே நடுவீர்கள்?

கடற்கரை மணலில் நடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள், அலையைத் தடுக்கும் என்று. பல இடங்களில் அது ஆமை ஏறும் மணலை அடைத்துக்கொண்டது. மணல்மேடும் அதைப் பிடித்துவைக்கும் அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் அந்தக் கரையின் காடு. சதுப்பிலும் நடக்கூடாது, திறந்த நீரும் கோரையும் தேவைப்படும் பறவைகளுக்கு அங்கே மரம் இடைஞ்சல். உங்கள் தெருவில் நடுங்கள், புங்கனோ பூவரசோ. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் பார்த்துவிட்டு நடுங்கள். நட்ட அன்றைக்கு எடுத்த போட்டோவை அக்காவுக்கு அனுப்பாதீர்கள். மூன்றாவது வருடப் போட்டோவை அனுப்புங்கள், சந்தோஷப்படுவார்.

கடற்கரையில் ஒரு கல்வெட்டோ, பெயர் பொறித்த பெஞ்சோ வைத்தால் என்ன?

எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாக வளைவு வைத்த ஒரு மண்டபம் நிற்கிறதே, அது எதற்கு என்று அங்கே செல்ஃபி எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1930ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டேனிஷ்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. பத்துப் பேரைக் கேட்டு, எட்டுப் பேர் சினிமா ஷூட்டிங் என்று சொன்ன பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அரசு விருதுக்குப் பரிந்துரைக்கலாமே?

தமிழ்நாடு அரசு பசுமை முதன்மையாளர் விருது தருகிறது, ஒரு லட்சம் ரூபாயுடன். தகுதி இருக்கும் பலருக்குக் கிடைத்தும் இருக்கிறது, எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பம் நிரப்பி, செய்த வேலைக்கெல்லாம் படம் இணைக்க வேண்டும். அக்காவின் வேலை பெரும்பாலும் இருட்டில் நடந்தது, ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர். இருக்கும் படத்தில் எல்லாம் அவர் முதுகுதான் தெரிகிறது.

பணமாகக் கொடுக்கலாமா?

அக்காவுக்கு வேண்டாம். அமைப்பு என்று எதையும் நாங்கள் பதிவு செய்யவில்லை, ரசீது தர முடியாது. ஆகவே எங்களுக்கும் வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்யலாம்?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அக்காவிடம் கோடு போட்ட நோட்டுகள் 41 இருக்கின்றன. 47 இருந்தன, 2015 வெள்ளத்தில் கட்டிலடியில் இருந்த ஆறு நோட்டுகள் கூழாகிவிட்டன. 1990களின் நடுவில் நான்கு சீசன் அதோடு போய்விட்டது. அன்று வீட்டில் ஃப்ரிட்ஜ் போனது, மெத்தை போனது, அதற்கெல்லாம் அவர் கலங்கியதாக யாரும் சொல்லவில்லை. நோட்டுகளைத் தாள் தாளாகப் பிரித்து மொட்டைமாடியில் காயப்போட்டதை நான் பார்த்தேன். மை கரைந்து எல்லாத் தாளும் ஒரே நீலமாக இருந்தது.

மிச்சமிருக்கும் 41 நோட்டுகளையும் படம் பிடித்துவிட்டோம். படம் பிடித்தால் மட்டும் போதாது, தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு வரி: தேதி, நேரம், இடம், முட்டை எண்ணிக்கை, குழியின் ஆழம், எத்தனை நாளில் பொரிந்தது, எத்தனை குஞ்சு. பிற்கால நோட்டுகளில் மணலின் வெப்பமும் இருக்கிறது. ஆமைக்கு ஆண், பெண் என்பதைத் தீர்மானிப்பது மணல் சூடு. சுமார் 29, 30 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் அதிகம். சென்னை மணல் இத்தனை வருடத்தில் எப்படிச் சூடேறியது என்று யாராவது பின்னால் பார்க்க விரும்பினால் அந்த எண்கள் உதவும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடம் என்ற கட்டத்தில் ‘கொ. ஒற்றைத் தென்னைக்கு வடக்கே 40 அடி’ என்று இருக்கும். கொ. என்றால் கொட்டிவாக்கம். ஒற்றைத் தென்னை 2000த்திலேயே விழுந்துவிட்டது. ‘ராயர் காம்பவுண்டு மூலை’ என்று இருக்கும். அங்கே இன்று எட்டு மாடி நிற்கிறது. ‘மூன்றாம் கட்டுமரம்’ என்று இருக்கும். கட்டுமரமே இல்லை இப்போது, எல்லாம் ஃபைபர் படகு. அந்த இடங்களைப் பூமியில் காட்டக்கூடிய ஒரே ஆள் அக்கா. அதனால் இரண்டு வகை ஆட்கள் தேவை. வீட்டிலிருந்தபடியே தமிழில் தட்டச்சு செய்பவர்கள் முதல் வகை. மாதம் ஒரு நோட்டு போதும். இரண்டாம் வகை, ஞாயிறு காலை ஆட்டோவில் அவரை அழைத்துக்கொண்டு கரைக்குப் போய், அவர் கைநீட்டும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்பவர்கள். இந்த இரண்டாவது வேலைக்கு இதுவரை இரண்டே பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். பொன்னாடை வாங்கித் தர முன்வந்தவர்கள் ஒன்பது பேர்.

2025 ஜனவரியில் ஆமைகள் கொத்துக் கொத்தாகச் செத்து ஒதுங்கினவே. இத்தனை வருட வேலையால் என்ன பயன்?

இந்தக் கேள்வியை ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். கோபம் சரிதான்.

அந்த மாதம் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி மணிக்கணக்கில் வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். கரையோரக் கடலில் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்பதற்கு 1983லேயே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. ஆமை தப்பித்து வெளியேற வலையில் வைக்கும் சாதனமும் இருக்கிறது. மீனும் கொஞ்சம் அதோடு போய்விடும் என்று படகுக்காரர்கள் அதை விரும்புவதில்லை. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல் தொடங்குகிறது, ஆமை சீசன் அநேகமாக முடிந்த பிறகு. அது மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்த காலம், ஆமைக்கானது இல்லை.

கரையில் ஆயிரம் குஞ்சை விட்டால் பெரிதாகி வருவது ஒன்று என்பார்கள். அப்படி வளர்ந்து, முட்டையிட வந்த தாய்களைக் கடலுக்குள்ளேயே இழந்தோம். ஆகவே ஹேச்சரி மட்டும் ஆமையைக் காப்பாற்றாது. இதை அக்கா பல வருடமாகச் சொல்கிறார், குஞ்சு விடுவதைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை. அந்த ஜனவரியில் அவர் முட்டைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து செத்த ஆமைகளின் கணக்கை எழுதினார். ஆணா, பெண்ணா, ஓட்டின் நீளம், எந்தக் கரை. முன்பக்கக் கணக்கும் பின்பக்கக் கணக்கும் நடுப்பக்கத்தில் சந்தித்துவிட்டன. புது நோட்டு வாங்க வேண்டியதாயிற்று.

மீனவர்கள் வருவார்களா? அவர்கள்தானே வலை போடுகிறார்கள்?

இழுவலை போடுவது பெரிய விசைப்படகு. குப்பத்து ஆட்கள் சின்னப் படகில் போகிறவர்கள், அதே விசைப்படகால் வலை அறுந்து நஷ்டப்படுகிறவர்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள், குறிப்பாக விழாவில் அவர்கள் முன்னால். ஆமையைச் சாமியாக நினைத்து, வலையில் வந்தால் வலையை அறுத்து விடுகிறவர்கள் அங்கே உண்டு. தடம் எங்கே கிடக்கிறது என்று அதிகாலையில் அக்காவுக்குப் போன் போட்டதும் அவர்களே. ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் பேசுகிறார். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவரிடம் கேட்டுத்தான், எந்த இரவில் ஆமை ஏறும் என்று அக்கா ஊகிக்கக் கற்றுக்கொண்டார். முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே, மண்டபத்தில் ஆமை பொம்மை, படம் எல்லாம் வைக்கலாமா?

மண்டபத்துக்காரர் நிஜமாகவே கேட்டார். அந்தப் பழமொழியில் ஜப்தி செய்ய வரும் அமீனாவும் வருவார், அவரை யாரும் அழைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தோம். இரண்டு படம் மட்டும் மாட்டுகிறோம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? குஞ்சு விடுவதைக் காட்டுவீர்களா?

தாராளமாக அழைத்து வாருங்கள். குஞ்சுகள் நமக்காக நேரம் பார்த்துப் பொரிவதில்லை, அன்று இருந்தால் உண்டு. இருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், கையில் எடுக்கக்கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது. டார்ச் அவசியமென்றால் சிவப்பு ஜெலட்டின் தாள் சுற்றிக் கொண்டுவாருங்கள். குஞ்சைத் தூக்கிக் கடலில் போட்டு உதவலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம், மணலில் ஊர்ந்து போகும் அந்தச் சில நிமிடம் அதற்குத் தேவை.

சாப்பாடு?

தேங்காய் மாங்காய் போட்ட பட்டாணி சுண்டல், கேசரி, டீ. டம்ளர் நீங்களே எடுத்து வாருங்கள், காகிதக் கப் வாங்கவில்லை. பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம்தான். கார் நிறுத்த இடம் கிடையாது.

அக்கா பேசுவாரா? எத்தனை மணிக்கு முடியும்?

ஐந்து நிமிடம் பேசச் சம்மதித்திருக்கிறார். அதில் மூன்று நிமிடம் தெருவிளக்கு பற்றி இருக்கும் என்பது என் கணிப்பு. 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இரவு நடை வழக்கம்போல உண்டு. நடக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டு 11.30க்கு நீலாங்கரையில் இருக்க வேண்டுமாம்.